திமிங்கலத்துக்குப் பேரு... சுண்டெலி!

மீசையா, எலியா? இருநூத்தி அறுபது வருஷத்துக்கும் மேலா ஓடிட்டிருக்குற ஒரு பேர்க் குழப்பத்தோட கதை!

இன்டர்னல் டெஸ்ட், அசைன்மென்ட், அட்டெண்டன்ஸ் டென்ஷனுக்கு நடுவுல ஒரு குட்டி க்விஸ். உலகத்துலேயே பெரிய உயிரினம் எது? 'நீலத் திமிங்கலம்'னு எல்.கே.ஜி. பாப்பாகூட சொல்லிடும். சரி, அதோட அறிவியல் பெயர்? 'பெலினாப்டெரா மஸ்குலஸ்'. பயாலஜி குரூப் எடுத்த பார்ட்டிகள் இதையும் அசால்ட்டா சொல்லிடுவாங்க. இப்ப கடைசிக் கேள்வி. அந்த 'மஸ்குலஸ்'னா என்ன அர்த்தம்?

'மஸில்ஸ்தானே பாஸ்?'னு ஜிம்முக்குப் போற பசங்க கையைத் தூக்குவீங்க. பாதி மார்க் தரலாம். லத்தீன் மொழியில அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம், 'சின்ன எலி'. ஆமாங்க, சுண்டெலி!

கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம் வளர்ற உயிரினம் அது. ரெண்டரை டவுன் பஸ்ஸை வரிசையா நிறுத்தினா எவ்வளவு நீளமோ, அவ்வளவு. எடை 150 டன்னைத் தொடும். ஒரு சுண்டெலியோட எடை 20 கிராம்னு வெச்சுக்கிட்டா, ஒரு நீலத் திமிங்கலத்தைத் தராசுல ஒரு பக்கம் நிறுத்த, இன்னொரு பக்கம் 75 லட்சம் சுண்டெலிகள் வேணும். கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்துக்கங்க. அப்பேர்ப்பட்ட ஜீவனுக்கு எலின்னு பேர் வெச்ச புண்ணியவான் யாரு? தெரியாம வெச்சாரா, நக்கலா? வாங்க, கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

பைசெப்ஸுக்குள்ள ஒரு எலி!

முதல்ல அந்தப் பாதி மார்க் மேட்டரை முடிச்சிடுவோம். கையை மடக்கி பைசெப்ஸை டைட் பண்ணுங்க. தோலுக்கு அடியில ஏதோ ஒண்ணு உருண்டு மேல ஏறுதா? பழைய ரோமானியர்களுக்கு அது, போர்வைக்குள்ள ஓடுற எலி மாதிரி தெரிஞ்சிருக்கு. அதனால தசைக்கும் 'மஸ்குலஸ்'னே பேர் வெச்சுட்டாங்க. அதுதான் இங்கிலீஷுக்குப் போய் 'மஸில்' ஆச்சு. கிரேக்கர்களும் லேசுப்பட்டவங்க இல்ல. அவங்க மொழியிலயும் 'மூஸ்'னா எலி, 'மூஸ்'னா தசை. ஒரே சொல்தான்.

இன்னும் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. லத்தீன்ல எலி 'மூஸ்'. கிரேக்கத்துலயும் 'மூஸ்'. இங்கிலீஷ்ல 'மவுஸ்'. சம்ஸ்கிருதத்துல 'மூஷிக'. நாலும் ஒரே வேர்ல இருந்து கிளைச்ச சொற்கள்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. அதாவது, பிள்ளையாரோட மூஷிக வாகனம், உங்க கம்ப்யூட்டர் டேபிள்ல இருக்குற மவுஸ், ஜிம் கண்ணாடி முன்னாடி நீங்க காட்டுற மஸில்ஸ், கடல்ல நீந்துற நீலத் திமிங்கலம்... பேர் வழியில பார்த்தா எல்லாம் சொந்தக்காரங்க!

ஒரே புத்தகத்துல ரெண்டு எலி

இப்ப பேர் வெச்சவரைப் பிடிப்போம். ஸ்வீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ். ஒவ்வொரு உயிரினத்துக்கும் ரெண்டு சொல்லால பேர் வைக்கிற சிஸ்டத்தை நிலைநிறுத்தினவர். நம்ம 'ஹோமோ சேப்பியன்ஸ்' கூட அவர் வெச்சதுதான்.

அவரோட 'சிஸ்டமா நேச்சுரே' புத்தகம் முதன்முதல்ல வந்தது 1735-ல். பெரிய சைஸ் தாள்ல பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். அதுல திமிங்கலம் எங்க இருந்தது தெரியுமா? மீன் லிஸ்ட்ல! ஆனா 1758-ல் வந்த பத்தாவது பதிப்புல அண்ணன் பிளேட்டை மாத்தினார். திமிங்கலம் நுரையீரல்ல மூச்சு விடுது, குட்டி போடுது, பால் கொடுக்குது, அதனால அது பாலூட்டின்னு இடம் மாத்தினார். 'மம்மாலியா'ங்கிற வகுப்புப் பேரே அந்தப் பதிப்புலதான் வருது.

அதே பத்தாவது பதிப்புலதான் நம்ம ஹீரோவுக்கு 'பெலினா மஸ்குலஸ்'னு பேர் விழுந்தது. 'பெலினா'ன்னா லத்தீன்ல திமிங்கலம். இப்ப ட்விஸ்ட்டைக் கேளுங்க. அதே புத்தகத்துல, வீட்டுல அரிசி மூட்டையைக் கடிக்கிற சுண்டெலிக்கும் அவர் பேர் வெச்சிருக்கார். என்ன பேர்? 'மூஸ் மஸ்குலஸ்'! ஒரே ஆள், ஒரே வருஷம், ஒரே புத்தகம். உலகத்தோட மிகப் பெரிய விலங்குக்கும் சுண்டெலிக்கும் ஒரே இரண்டாம் பேர்.

இது லின்னேயஸோட குறும்புன்னு நிறைய பேர் ரசிக்கிறாங்க. 'தசை' அர்த்தத்துலதான் வெச்சார்னு சொல்றவங்களும் உண்டு. மூணாவதா ஒரு வழியும் இருக்கு. முதலாம் நூற்றாண்டுல வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, 'மஸ்குலஸ்'னு ஒரு கடல் உயிரைப் பத்தி எழுதியிருக்கார். புருவம் கனத்துக் கண்ணை மறைச்சதால வழி தெரியாம தவிக்கிற பெரிய திமிங்கலத்துக்கு முன்னாடி நீந்திப் போய், ஆழம் குறைஞ்ச இடத்துல மாட்டாம வழிகாட்டுமாம் அது. லின்னேயஸ் பழைய லத்தீன் நூல்களைக் கரைச்சுக் குடிச்சவர். பேரை அங்கேயிருந்து எடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அவரே காரணம் எழுதி வைக்காததால, இன்னிக்கு வரைக்கும் இது பட்டிமன்றம்தான்.

அவர் கையில இருந்த ஆதாரமும் ஒரு கதைதான். 1692-ல் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்துல 78 அடி நீளத் திமிங்கலம் ஒண்ணு கரை ஒதுங்கிச்சு. ராபர்ட் சிப்பால்ட் என்ற டாக்டர் அதை அளந்து, 1694-ல் புத்தகமா எழுதினார். அந்தக் குறிப்பைத்தான் லின்னேயஸ் எடுத்துக்கிட்டார்.

அப்புறம் 1804-ல் பிரான்ஸின் லாசெபேட், முதுகுல துடுப்பு இருக்குற திமிங்கலங்களைத் தனியா பிரிச்சு 'பெலினாப்டெரா'ன்னு பேர் வெச்சார். 'டெரான்'னா கிரேக்கத்துல இறக்கை. ஹெலிகாப்டர்ல வர்ற 'ப்டர்' இருக்கே, அதே இறக்கைதான். ஆக, நீலத் திமிங்கலத்தோட முழுப் பேருக்கு நேரடித் தமிழ், 'இறக்கை வெச்ச திமிங்கலச் சுண்டெலி'!

மீசையா... எலியா?

இதோட எலி ஓடிப் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அடுத்த வளையிலயும் எட்டிப் பார்க்குது.

திமிங்கலங்கள்ல ரெண்டு பெரிய பிரிவு. பல் உள்ளது ஒண்ணு, 'ஓடான்டோசீட்டி'. அர்த்தம் நேரடியா 'பல் திமிங்கலம்'. குழப்பமே இல்ல. இன்னொரு பிரிவுக்குப் பல்லே கிடையாது. மேல் தாடையில இருந்து சீப்பு மாதிரி வரிசையா தகடுகள் தொங்கும். நம்ம நகம் எதால ஆனதோ, அதே கெரட்டின்தான். வாய் நிறைய கடல்நீரை அள்ளி, தண்ணியை மட்டும் வெளிய தள்ளி, உள்ள மாட்டின குட்டி உயிர்களை விழுங்கும். மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, நடமாடும் ஃபில்டர். நீலத் திமிங்கலமும் இந்த குரூப்தான். இந்தப் பிரிவோட பேர் 'மிஸ்டிசீட்டி'.

'சீட்டி' ஓகே. கிரேக்கத்துல 'கேட்டோஸ்'னா கடல் பூதம், பெரிய திமிங்கலம். மொத்தத் திமிங்கலக் கூட்டத்துக்கும் 'சீட்டேசியா'ன்னு பேர் வந்ததும் அதனாலதான். முன்னாடி இருக்குற 'மிஸ்டி' என்ன?

ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்த பதில், மீசை. கிரேக்கத்துல 'மூஸ்டாக்ஸ்'னா மீசை. இங்கிலீஷ் 'மஸ்டாஷ்' அதுல இருந்து வந்ததுதான். வாய்க்குள்ள முடி முடியா தொங்குது, அதனால 'மீசைத் திமிங்கலம்'. கேட்க எவ்வளவு பொருத்தமா இருக்கு! ஆனா மீசையில இருந்து ஒழுங்கா சொல்லை உருவாக்கினா, 'மிஸ்டகோசீட்டி'ன்னு வரணும். அப்படி ஒரு பேரும் முன்னாடி புழக்கத்துல இருந்தது. அப்போ 'மிஸ்டிசீட்டி' எங்கேயிருந்து குதிச்சது?

இதுக்கு நாம கி.மு. நாலாம் நூற்றாண்டுக்குப் போகணும். அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பத்தின தன்னோட நூல்ல, வாய்க்குள்ள பல்லுக்குப் பதிலா பன்றி முடி மாதிரி மயிர் இருக்குற கடல் ஜீவன் ஒண்ணைச் சொல்றார். கிரேக்க மூலத்துல அது 'ஹோ மூஸ் டொ கேட்டோஸ்'. அதாவது, 'எலி என்று சொல்லப்படும் திமிங்கலம்'.

அந்தக் காலத்துக் கிரேக்கச் சுவடிகள்ல சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுத மாட்டாங்க. எல்லாம் ஒரே சங்கிலி. 'ஹோமூஸ்டொகேட்டோஸ்'னு இருக்கும். இப்ப நம்ம ஊருக்கு வாங்க. நம்ம ஓலைச்சுவடிகளும் அப்படித்தானே? சொல் பிரிக்க மாட்டாங்க, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க. உ.வே.சா. மாதிரி பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு வரியோடயும் மல்லுக்கட்டினது இதனாலதான். ஸ்கூல்ல 'பொதுமொழி'ன்னு படிச்சது ஞாபகம் இருக்கா? 'வேங்கை'ன்னு சேர்த்துப் படிச்சா மரம், இல்லன்னா புலி. 'வேம் கை'ன்னு பிரிச்சா வேகிற கை. 'தாமரை' பூ. 'தா மரை'ன்னு பிரிச்சா தாவுற மான். ஒரு இடைவெளியில ஒரு மிருகமே மாறிடும்!

அதேதான் அங்கேயும் நடந்திருக்கு. படி எடுக்கிறப்பவோ, மொழிபெயர்க்கிறப்பவோ, மூணு சொல் ஒண்ணா ஒட்டிக்கிட்டு, நடுவுல ஒரு எழுத்தும் மாறி 'மூஸ்டிகேட்டோஸ்'னு ஒத்தைச் சொல் ஆயிடுச்சு. லத்தீன்ல அது 'மிஸ்டிசீட்டஸ்'. லின்னேயஸ் 1758-ல் அதையே எடுத்து, ஆர்க்டிக் கடல்ல வாழ்ற வில்தலைத் திமிங்கலத்துக்கு 'பெலினா மிஸ்டிசீட்டஸ்'னு வெச்சார். இருநூறு வருஷத்துக்கு மேல வாழக்கூடியதுன்னு மதிப்பிடப்பட்ட திமிங்கலம் அது. பின்னால வந்தவங்க அந்தப் பேரையே மொத்தப் பிரிவுக்கும் விரிச்சுட்டாங்க.

இந்த எலியைப் பிடிச்சுக் கொடுத்தவர்கள்ல முக்கியமானவர், டேல் ரைஸ் என்ற அமெரிக்கத் திமிங்கல ஆய்வாளர். 1998-ல் வந்த தன்னோட நூல்ல இதை விளக்கினார். மாமலை மாதிரி உருவத்தைக் கிண்டல் பண்ணத்தான் 'எலி'ன்னு கூப்பிட்டிருக்கணும்ங்கிறது அவரோட அனுமானம். ஹாஸ்டல்ல ஆறடி ஆளுக்குக் 'குள்ளா'ன்னு பட்டப் பேர் வைக்கிற மாதிரி! இந்த டேல் ரைஸ் பேரை மட்டும் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க. கடைசியில திரும்ப வருவார்.

நம்ம 'திமிங்கலம்' என்ன அர்த்தம்?

'அவங்க பேரையே கிண்டல் பண்றியே, நம்ம பேருக்கு என்ன அர்த்தம்?'னு கேட்குறீங்களா? சம்ஸ்கிருதத்துல 'திமி'ன்னா ராட்சச மீன். 'கில'ன்னா விழுங்குவது. 'திமிங்கிலம்'னா, திமியையே முழுங்குற ஜீவன். அதுதான் நம்ம வாயில திமிங்கலம் ஆச்சு. அதையும் முழுங்குற ஒண்ணு 'திமிங்கிலகிலம்'னு அடுத்த லெவலும் உண்டு. சீனியரை மிஞ்சின சூப்பர் சீனியர் மாதிரி. நீலத் திமிங்கலம் உண்மையில முழுங்குறது, விரல் நீளத்துக்கும் குறைவான கிரில் உயிர்களைத்தான். ஆக, நம்ம பேரும் கொஞ்சம் பில்டப்தான்!

பாக்ஸ் மேட்டர்: இன்னும் சில பேர்கள்

மெகாப்டெரா நோவேஆங்லியே (கூனல் திமிங்கலம்): 'நியூ இங்கிலாந்துப் பெரிய இறக்கைக்காரன்'. துடுப்பு, உடம்புல மூணுல ஒரு பங்கு நீளம் இருக்கும்.

ஃபைசீட்டர் மேக்ரோசெஃபாலஸ் (எண்ணெய்த் திமிங்கலம்): 'ஊதுறவன், பெரிய தலைக்காரன்'.

மோனோடான் மோனோசெரோஸ் (நார்வால்): 'ஒத்தைப் பல், ஒத்தைக் கொம்பு'. அந்தக் கொம்பே ஒரு பல்தான்!

டெல்ஃபினாப்டெரஸ் லூகாஸ் (பெலுகா): 'இறக்கையில்லாத வெள்ளை டால்ஃபின்'. முதுகுத் துடுப்பு இல்லாததால இந்தப் பேர்.

மார்க் ஷீட்டும் திமிங்கலமும்

'சரி, தப்புன்னு தெரிஞ்சுபோச்சே... மாத்திட வேண்டியதுதானே?' நியாயமான கேள்வி. பதில் உங்க ஃபைலுக்குள்ளயே இருக்கு.

பத்தாவது மார்க் ஷீட்ல பேர்ல ஒரு எழுத்து மாறி விழுந்தவங்க உங்க கிளாஸ்ல கண்டிப்பா ஒருத்தராவது இருப்பாங்க. வீட்டுல கூப்பிடுறது ஒண்ணு, சர்ட்டிஃபிகேட்ல ஒண்ணு. பாஸ்போர்ட், பேங்க், கேம்பஸ் இன்டர்வியூ, எல்லா இடத்துலயும் அந்தத் தப்பான எழுத்துதான் நீங்க. ஏன்? முதல்ல பதிவானது அது. அடுத்தடுத்து வந்த எல்லா பேப்பரும் அதை நம்பி நிக்குது. அடியில இருக்குற செங்கல்லை உருவினா மேல இருக்குறது ஆடும்.

விலங்குகளுக்குப் பேர் வைக்கிறதுலயும் அதே லாஜிக். அதுக்குன்னு உலக அளவுல ஒரு விதித் தொகுப்பு இருக்கு. லின்னேயஸின் 1758 பதிப்புதான் அதுக்குத் தொடக்கக் கோடு. முறைப்படி முதல்ல வெச்ச பேருக்குத்தான் முன்னுரிமை. பொருத்தமா இல்ல, அர்த்தம் தப்புன்னு சொல்லி மாத்த முடியாது. பேர்ங்கிறது அந்த விலங்கோட வர்ணனை இல்ல, ரோல் நம்பர் மாதிரி ஒரு அடையாளம், அவ்வளவுதான். மிஸ்டிசீட்டி மாதிரி பெரிய பிரிவுகளுக்கு இந்த விதி அவ்வளவு இறுக்கமா பொருந்தாது. ஆனா, அங்கேயும் பழக்கம் ஜெயிச்சு, மீசை தோத்துப் போச்சு.

இதோட உச்சகட்டக் காமெடி ஒண்ணு சொல்லட்டுமா? அமெரிக்காவின் லூசியானாவுல கிடைச்ச பிரம்மாண்ட முதுகெலும்பைப் பார்த்த ரிச்சர்ட் ஹார்லன், ஏதோ ராட்சச ஊர்வனன்னு முடிவு பண்ணி, 1834-ல் 'பேசிலோசாரஸ்'னு பேர் வெச்சார். அர்த்தம், 'ராஜ பல்லி'. 1839-ல் லண்டன்ல ரிச்சர்ட் ஓவன் அந்தப் பற்களைச் சோதிச்சார். ரெண்டு வேர் உள்ள பல். 'இது பல்லியும் இல்ல, ஓணானும் இல்ல, பாலூட்டி'ன்னு சொல்லி, 'சூக்லோடான்'னு புதுப் பேர் கொடுத்தார். யாரு கேட்டா? முதல் பேருக்குத்தான் முன்னுரிமை. அந்தப் பழங்காலத் திமிங்கலம் இன்னிக்கும் ஏடுகள்ல ராஜ பல்லியாத்தான் நீந்திட்டிருக்கு.

பேருக்காக ஒரு கோர்ட் கேஸ்

'எலின்னா என்ன, பல்லின்னா என்ன... திமிங்கலத்துக்கா தெரியப் போகுது?'ன்னு கேட்கலாம். திமிங்கலத்துக்குத் தெரியாது. ஆனா பேர் மாறினா பணம் மாறும், சட்டம் மாறும், சில சமயம் உயிரே மாறும்.

1818, நியூயார்க். மீன் எண்ணெய் பீப்பாய்களை அரசாங்க இன்ஸ்பெக்டர் சோதிக்கணும், அதுக்குக் கட்டணம் கட்டணும்னு ஒரு சட்டம். சாமுவேல் ஜட் என்ற வியாபாரியோ, 'என்கிட்ட இருக்குறது திமிங்கல எண்ணெய். திமிங்கலம் மீனே இல்ல. நான் எதுக்குக் கட்டணும்?'னு மறுத்துட்டார். இன்ஸ்பெக்டர் ஜேம்ஸ் மாரிஸ் கேஸ் போட்டார். சாமுவேல் மிட்சில் என்ற பிரபல விஞ்ஞானி கூண்டுல ஏறி, திமிங்கலம் மீன் இல்லைன்னு சாட்சி சொன்னார். லின்னேயஸ் அதைப் பாலூட்டின்னு எழுதி அறுபது வருஷம் ஆகியிருந்த நேரம் அது.

ஜூரி உள்ள போய், கால் மணி நேரத்துல வெளிய வந்தாங்க. தீர்ப்பு: திமிங்கலம் மீன்தான்! கடைசியில அடுத்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, திமிங்கல எண்ணெயை விலக்க வேண்டி வந்தது. அறிவியல் ஏட்டுல மாறின பேர், ஊருக்குள்ள வந்து சேர எவ்வளவு நாளாகுது பாருங்க.

ஐம்பது வருஷம் காணாமப் போன பேர்

நமக்குப் பக்கத்துலயே ஒண்ணு நடந்திருக்கு. 1963 ஜனவரியில, கொழும்பு பக்கத்துல ரத்மலானைக் கடற்கரையில, நாலரை மீட்டர் நீளத்துல அலகு மாதிரி மூக்கு நீண்ட திமிங்கலம் ஒண்ணு ஒதுங்கிச்சு. இலங்கை விலங்கியலாளர் பி.இ.பி. தெரணியகல, இது புது இனம்னு அறிவிச்சார். லத்தீனையும் கிரேக்கத்தையும் தேடாம, சிங்களத்துல 'கூர் அலகு'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி 'மெசோப்ளோடான் ஹோட்டாஉலா'ன்னு பேர் வெச்சார்.

ரெண்டே வருஷத்துல, 'இது புதுசு இல்ல, ஏற்கெனவே ஜப்பான்ல கண்டுபிடிச்ச இனம்தான்'னு சொல்லிப் பேரைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. அரை நூற்றாண்டு அந்த இனம் கணக்குலயே இல்ல. அப்புறம் இலங்கை, மாலத்தீவு, செஷல்ஸ், பசிபிக் தீவுகள்னு கிடைச்ச ஏழு திமிங்கலங்களோட மாதிரிகளை டி.என்.ஏ. வரைக்கும் அலசி, 2014-ல் முடிவு வந்தது. தெரணியகல சொன்னதுதான் சரி. அது தனி இனம். அவர் வெச்ச சிங்களப் பேரே திரும்ப உயிர் பெற்றது. முன்னுரிமை விதி எலியை மட்டும் காப்பாத்தல, நியாயத்தையும் காப்பாத்தும்!

ரைஸ் திரும்ப வர்றார்

இப்ப மனசுல வெச்சுக்கச் சொன்ன டேல் ரைஸைக் கூப்பிடுவோம்.

1960-கள்ல, மெக்சிகோ வளைகுடாவுல 'ப்ரைட்' வகைத் திமிங்கலங்கள் இருக்குன்னு முதன்முதல்ல அடையாளம் கண்டவர் அவர்தான். ப்ரைட்ங்கிறதும் ஒரு ஆளோட பேர்தான். தென்னாப்பிரிக்காவுல திமிங்கல வேட்டை நிலையம் ஆரம்பிச்ச நார்வேக்காரர், யோஹான் ப்ரைட். வேட்டையாடினவர் பேரையே வேட்டையாடப்பட்டதுக்கு வெச்சிருக்காங்க. இந்த வகைத் திமிங்கலங்கள் உலகத்தின் வெப்பக் கடல்கள்ல பரவலா இருக்கு, இந்தியப் பெருங்கடல்லயும்தான். அதனால வளைகுடாவுல இருந்த சின்னக் கூட்டத்தைப் பத்தி யாரும் பெருசா அலட்டிக்கல. உலகம் பூரா இருக்கே, அப்புறம் என்ன?

2010 ஏப்ரல் மாசம், அதே வளைகுடாவுல 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்க் கிணறு வெடிச்சது. 11 தொழிலாளர்கள் இறந்தாங்க. 87 நாள் கடலுக்குள்ள எண்ணெய் கொட்டிச்சு. அந்தத் திமிங்கலங்களோட வாழிடத்துல ஏறக்குறைய பாதியில எண்ணெய் பரவிச்சு. எண்ணிக்கையில ஐந்துல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருக்கும்னு பின்னால மதிப்பிட்டாங்க.

2019 ஜனவரியில, ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில 11 மீட்டருக்கும் அதிகமான நீளத்துல ஒண்ணு செத்து ஒதுங்கிச்சு. வயித்துக்குள்ள கூர்மையான பிளாஸ்டிக் துண்டு. உடம்பை மணல்ல புதைச்சு, சதை கரைஞ்சதும் எலும்பைத் தோண்டி எடுத்து, வாஷிங்டன்ல இருக்குற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாங்க. மண்டை ஓட்டைப் பார்த்தா மத்த ப்ரைட் திமிங்கலங்கள் மாதிரி இல்ல. டி.என்.ஏ.வும் ஏற்கெனவே வேற மாதிரி பேசிக்கிட்டிருந்தது. 2021-ல் பாட்ரிசியா ரோசல் குழுவினர் இது தனி இனம்னு அறிவிச்சாங்க. பேர், 'பெலினாப்டெரா ரைசி'. ரைஸோட திமிங்கலம். எலியா மீசையான்னு திமிங்கலப் பேர்களைத் துருவினவர், கடைசியில தானே ஒரு திமிங்கலத்தின் பேராயிட்டார்.

'சூப்பர்!'னு கை தட்டுறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. ப்ரைட் திமிங்கலமா இருந்த வரைக்கும் அதுக்கு உலகம் பூரா சொந்தம். தனி இனம்னு ஆன நிமிஷம், மிச்சம் இருக்குறது மொத்தமே சுமார் ஐம்பதுதான்னு தெரிஞ்சுபோச்சு. எப்படிப் பார்த்தாலும் நூறைத் தாண்டாதுங்கிறாங்க ஆய்வாளர்கள். உங்க டிபார்ட்மென்ட்ல ஒரு செக்‌ஷன் அளவு. அந்த செக்‌ஷன் காலியானா, உலகத்துல வேற எங்கேயும் பேட்ச் கிடையாது. ராத்திரியில கடல்மட்டத்தை ஒட்டியே ஓய்வெடுக்கிற பழக்கம் அதுக்கு. கப்பல் நெரிசல் மிகுந்த கடல் அது. ஒரு மோதலுக்கு ஒரு உயிர்னு போனாலே கணக்கு சீக்கிரம் முடிஞ்சிடும்.

அந்தக் கடலோட பேர்லயே இப்ப தகராறு. 2025-ல் அமெரிக்க அரசு மெக்சிகோ வளைகுடாவை 'அமெரிக்க வளைகுடா'ன்னு மாத்தி உத்தரவு போட்டுச்சு. மத்த நாடுகள் பழைய பேரைத்தான் சொல்றாங்க. எந்தப் பேர்ல கூப்பிட்டாலும், உள்ள நீந்துறது அதே ஐம்பதுதான்.

சோ... பேர்ல என்ன இருக்கு?

அர்த்தம் பெருசா இல்லாம இருக்கலாம். 'எலி'ன்னு சொன்னதால நீலத் திமிங்கலம் ஒரு கிராம்கூடக் குறையல. 'ராஜ பல்லி' பல்லி ஆகல. ஆனா தனிப் பேர் இருந்தாத்தான் ஒண்ணைத் தனியா எண்ண முடியும். எண்ணினாத்தான் குறையுறது தெரியும். தெரிஞ்சாத்தான் சட்டப் புத்தகத்துல ஒரு வரி சேரும், கப்பலை மெதுவா ஓட்டச் சொல்லிக் கேட்க முடியும். பேர் இல்லாம அழியுறதுக்கு அட்டெண்டன்ஸே கிடையாது.

அடுத்த தடவை லேப் ரெக்கார்டுல வாய்ல நுழையாத அறிவியல் பேரை அண்டர்லைன் பண்ணும்போது, 'எந்த லூஸு வெச்ச பேரோ'ன்னு திட்டிட்டே எழுதாதீங்க. அகராதியைப் புரட்டிப் பாருங்க. உள்ள ஒரு எலி இருக்கலாம், மீசை இருக்கலாம், யாரோ ஒருத்தர் அறுபது வருஷம் கடலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்த கதை இருக்கலாம். எக்ஸாம்ல ரெண்டு மார்க்தான். ஆனா, வளைகுடாவுல மிச்சம் இருக்குற அந்த ஐம்பதுக்கு, அந்தப் பேர்தான் ஐ.டி. கார்டு!